பதினொன்றாம் வகுப்பின் கடைசியில் விழித்துக்கொண்டவர்களுக்கு: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பமும் அறிவியல், கணிதச் செயல்பாடுகளும்

பதினொன்றாம் வகுப்பு முடிய ஆறேழு வாரம் இருக்கும்போது, ஏப்ரலில் ஒரு ராத்திரி, என் மகள் தோசை சாப்பிட்டுக்கொண்டே "காலேஜ்ல ஃபிசிக்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள். சந்தோஷமான செய்திதான். ஆனால் அதுவரை அவள் கணக்கில் இருந்தவை பரதநாட்டியம், தமிழ்ப் பள்ளி, பள்ளி ஆண்டு மலர்க் குழு, அவ்வளவுதான். அறிவியல் பக்கம் ஒன்றுமே இல்லை. மதிப்பெண் இருந்தது, அதோடு கல்லூரிகள் பார்க்கும் மற்றது, அதாவது வகுப்புக்கு வெளியே செய்தது, இல்லை. அன்று ராத்திரியே நான் வாட்ஸாப் குழுவில் கேட்டேன், அதுதான் முதல் தப்பு. ஒருவர் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து கணித ஒலிம்பியாட், இன்னொருவர் மகள் இரண்டு கோடைக்காலம் ஆய்வகத்தில். படித்துப் படித்து வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம். அந்தப் பதற்றத்தில் ஆறு வாரமும் 500 டாலரும் போயின. உங்களுக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில். அதனால் யூசி (கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம், பல வளாகங்கள்), கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) விவரங்கள் இந்த மாநிலத்துக்கானவை. மற்றவை எல்லா ஊருக்கும் பொருந்தும்.

1. முதலில் காலண்டர்

காமன் ஆப், அதாவது பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம், ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 அன்று புதிய சுற்றுக்குத் திறக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். யூசி விண்ணப்பத்தை ஆகஸ்டிலேயே நிரப்ப ஆரம்பிக்கலாம், ஆனால் அனுப்புவது அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை (சில வருடம் ஓரிரு நாள் நீளும்). வழக்கமான சுற்று ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. அதாவது மே மாதம் உட்கார்ந்து யோசிக்கிறீர்கள் என்றால் கையில் இருப்பது ஏறக்குறைய 25 வாரம்.

இந்த 25 வாரத்துக்குள் வராதவற்றை உடனே அடித்துவிடுங்கள். ஆர்எஸ்ஐ, ப்ராமிஸ், ராஸ், மேத்கேம்ப் மாதிரி பெயர் பெற்ற கோடை முகாம்களுக்கு விண்ணப்பம் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும். வட்டார அறிவியல் கண்காட்சிகளும் பெரும்பாலும் வசந்த காலத்துக்குள் முடிந்திருக்கும். எஃப் = எம்ஏ என்கிற இயற்பியல் தேர்வு பிப்ரவரியில், அதாவது அடுத்த முறை வரும்போது உங்கள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் இவை எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் போட்டு, மூடிப்போன கதவுகளுக்கெல்லாம் வண்ணம் அடித்து வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஒரு பிரயோஜனமும் இல்லை.

2. படிவத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள்

இதை நாங்கள் ஜூன் மாதம்தான் செய்தோம், ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டும். காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்கு 10 இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து, அதுவும் இடைவெளி சேர்த்து. விருதுகளுக்குத் தனியாக 5 இடம். யூசியில் செயல்பாடு, விருது எல்லாம் சேர்த்து 20 இடம், விவரிக்க 350 எழுத்து. எம்ஐடி தனி விண்ணப்பம், அது கேட்பது நான்கே நான்கு செயல்பாடு.

ஒரு வெள்ளைத் தாளில் இப்போது இருப்பதை நிரப்பச் சொல்லுங்கள். பிள்ளைகள் பாதியை விட்டுவிடுவார்கள். என் மகள் மூன்று வருடமாகத் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை தோறும் குட்டிகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததை எழுதவே இல்லை, "அது சும்மா" என்றாள். தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் மொழிபெயர்த்தது, தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, இவற்றுக்கும் காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்புகள் என்று ஒரு வகையே இருக்கிறது. எழுதி முடித்தபோது ஆறு இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது: தேவைப்பட்டது பத்து புதிய விஷயம் இல்லை, அறிவியல் பக்கம் ஒன்றோ இரண்டோ, அதுவும் உண்மையாகச் செய்து முடித்ததாக.

3. வீட்டுக்குள் இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்

"என்ன ப்ராஜெக்ட் செய்யலாம்" என்று கூகுளில் தேடினால் ஆயிரம் பேர் செய்த அதே பட்டியல் வரும். செயற்கை நுண்ணறிவால் புற்றுநோயைக் கண்டுபிடிப்பது, தண்ணீர்ச் சுத்திகரிப்பு. இவற்றை நான்கு மாதத்தில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை உண்மையாகச் செய்ய முடியாது, விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கும் அது தெரியும்.

எங்கள் வீட்டில் தம்பியின் மிருதங்கம் இருந்தது. அவள் அதை எட்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாள், சத்தம் தாங்கவில்லை என்று. அவளுடைய இயற்பியல் ஆசிரியர்தான் ஒரு பேச்சில் சொன்னார், வெறும் தோல் போர்த்திய பறைக்கு அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும், அதனால்தான் அதில் சுருதி தெளிவாகக் கேட்காது என்று. மிருதங்கத்தில் மட்டும் எப்படிக் கேட்கிறது? வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) இருக்கும் அந்தக் கறுப்புப் பூச்சு, சோறு என்பார்கள், அதுதான் காரணம். நடுவில் எடை ஏறுவதால் மேல் அதிர்வெண்கள் 2, 3 என்று முழு எண்களுக்கு அருகில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. சி.வி. ராமன் 1934இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். மகளுக்கு இது தெரிந்ததும் மிருதங்கத்தைத் திட்டுவது நின்றது, தம்பிதான் "என் வாத்தியத்தைத் தொடாதே" என்று திட்ட ஆரம்பித்தான்.

செய்தது இவ்வளவுதான். ஃபோனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கணினியில் ஆடாசிட்டி, அதுவும் இலவசம். ஃபோனை முப்பது சென்டிமீட்டர் தள்ளி ஒரே இடத்தில் வைத்து, வலந்தலையில் மூன்று சொற்கள் (அடிக்கும் விதங்கள்), ஒவ்வொன்றும் 20 தடவை. அப்புறம் தொப்பிப் பக்கம் (இடப்பக்கம்) ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள் இல்லையா, அந்த ரவை உருண்டையைச் சமையலறைத் தராசில் நிறுத்து ஐந்து எடைகளில் ஒட்டி, ஒவ்வொரு எடைக்கும் 20 அடி. எடை ஏற ஏறச் சுருதி எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு வரைபடம். மொத்தம் 160 அடி, செலவு அரை கிலோ ரவை. இரண்டு தடவை முழுவதும் வீணாகப் போனது. ஒரு முறை ரவை காய்ந்து எடை மாறிவிட்டது, இன்னொரு முறை குளிர்சாதனத்தின் இரைச்சல் எல்லாப் பதிவிலும் ஏறியிருந்தது. அந்த இரண்டு தோல்வியைத்தான் அவள் பிறகு யூசி விண்ணப்பத்தின் கட்டுரைக் கேள்வி ஒன்றுக்குப் பதிலாக எழுதினாள்.

உங்கள் வீட்டில் மிருதங்கம் இருக்க வேண்டியதில்லை. மாவு புளிக்கும் வேகம், தோட்டத்துத் தொட்டியில் ஈரப்பதம், பள்ளிப் பேருந்து தாமதமாகும் கணக்கு, எதுவானாலும் சரி. நான் பார்க்கச் சொல்வது மூன்று: பிள்ளை தானாகக் கேட்ட கேள்வியா, எண்ணாக அளக்க முடியுமா, செப்டம்பர் கடைசிக்குள் முடியுமா. மூன்றாவதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். பாதியில் நிற்கும் பெரிய ப்ராஜெக்டை விட முடிந்த சின்னது நூறு மடங்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. பிறகு இதைக் கண்காட்சிக்கோ, பன்னிரண்டாம் வகுப்பினருக்கான ரீஜெனரான் எஸ்டிஎஸ் போட்டிக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால், மனிதர்களையோ முதுகெலும்புள்ள விலங்குகளையோ வைத்துச் செய்யும் எதற்கும் முன் அனுமதி வேண்டும். நண்பர்களிடம் கூகுள் படிவத்தில் எடுக்கும் கருத்துக்கணிப்புக்கும்கூட. செய்துவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்க முடியாது. எஸ்டிஎஸ் கடைசி நாள் நவம்பர் தொடக்கத்தில் வருகிறது, தனியாளாகச் செய்த ஆய்வாக இருக்க வேண்டும். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

4. கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம்

தாமதமாக வந்தவர்களுக்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை. தேர்வுக் குழு இல்லை, சிபாரிசு இல்லை, பாடம் முடித்தால் மதிப்பெண் எழுத்தில் வருகிறது. கலிபோர்னியாவில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் அதைத் தள்ளுபடி செய்துவிடுகின்றன. புத்தகம், பார்க்கிங், சின்னச் சின்ன மாணவர் கட்டணங்கள் நம் தலையில். எங்களுக்குப் புள்ளியியல் பாடத்துக்குப் புத்தகம்தான் பெரிய செலவு, அதையும் பழைய பதிப்பாக வாங்கினோம்.

வரிசை இப்படி: சிசிசி அப்ளை என்ற தளத்தில் இலவச விண்ணப்பம், மாணவர் எண் வரும், அப்புறம் பள்ளிக் கவுன்சிலரும் பெற்றோரும் கையெழுத்திடும் இரட்டைச் சேர்க்கைப் படிவம் (பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுக்க), பாடத்துக்கு முன்தகுதி கேட்டால் பள்ளி டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவு) அல்லது ஏபி (பள்ளியில் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மதிப்பெண், கடைசியில் பதிவு. இதில் சிக்குவது கவுன்சிலர் கையெழுத்துதான். மே கடைசியில் அவர்களைப் பிடிப்பது குதிரைக்கொம்பு, ஜூனில் அலுவலகமே பூட்டிவிடும். ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். பதிவு செய்யும் வரிசையில் பள்ளி மாணவர்களின் முறை கடைசியாகத்தான் வரும், அதனால் விரும்பிய வகுப்பு நிரம்பியிருக்கலாம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாள் வகுப்புக்குப் போய் நில்லுங்கள், முதல் வாரத்தில் பலர் விலகுவார்கள்.

பொறி எங்கே என்றால், கோடையில் ஒரு பருவப் பாடத்தை ஆறு அல்லது எட்டு வாரத்தில் ஓட்டுவார்கள். அந்த மதிப்பெண் பிள்ளையின் கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். சி வாங்கினாலும் நிற்கும், பாதியில் விலகினால் டபிள்யூ என்று அதுவும் நிற்கும். விண்ணப்பத்தில் மறைக்கவும் முடியாது, யூசி எல்லாக் கல்லூரிப் பாடங்களையும் கேட்கிறது. ஆகையால் ஒரே ஒரு பாடம், அந்த ஆறு வாரம் இந்தியப் பயணம் கிடையாது. நாங்கள் டிக்கெட்டை மாற்றினோம், பாட்டிக்குக் கோபம். இன்னொன்று, பிள்ளைக்கு 16 வயதுதான் என்றாலும் கல்லூரிப் பதிவுகளின் உரிமை மாணவருடையது. நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு "என் மகள் எப்படிப் படிக்கிறாள்" என்றால் மரியாதையாக ஃபோனை வைத்துவிடுவார்கள்.

5. போட்டிகள்: எது இன்னும் மிச்சம்

உண்மையைச் சொன்னால் அதிகம் இல்லை. நவம்பரில் வரும் ஏஎம்சி 12 என்ற கணிதப் போட்டி ஒன்று. 75 நிமிடம், 25 கேள்வி; சரியானதுக்கு 6, விட்டுவிட்டால் 1.5, தவறுக்கு 0. முடிவு நவம்பர் 1 விண்ணப்பத்துக்கு உதவாது, ஜனவரி சுற்றுக்கு உதவலாம். அதில் தேறி அடுத்த கட்டமான ஏஐஎம்இக்குத் தகுதி பெற்றாலும் அது நடப்பது பிப்ரவரியில்.

மாணவர் தானாகப் போய் இதற்குப் பதிவு செய்ய முடியாது, ஏதாவது பள்ளியோ மையமோ நடத்த வேண்டும். எங்கள் பள்ளி நடத்தவில்லை, அது எனக்கு அக்டோபரில்தான் தெரிந்தது. பக்கத்துப் பள்ளிகளைக் கூப்பிட்டால் "எங்கள் மாணவர்களுக்கு மட்டும்" என்றார்கள், இடம் தந்த மையங்களில் பதிவு முடிந்திருந்தது. ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறந்த முதல் வாரமே கணித ஆசிரியரிடம் கேளுங்கள். ஏ, பி என்று இரண்டு தேதி உண்டு, ஒன்று போனாலும் மற்றது இருக்கும்.

யூசாகோ கணினிப் போட்டி இலவசம், வீட்டிலிருந்தே எழுதலாம், யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் குளிர்காலத்தில்தான். நீங்கள் பத்தாம் வகுப்பிலோ பதினொன்றின் தொடக்கத்திலோ இதைப் படிக்கிறீர்கள் என்றால் அதையும் ஏஎம்சியையும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றபடி பிள்ளைக்குப் புதிர்க் கணக்கில் ஆசை இல்லையென்றால் ஒலிம்பியாட் வகுப்பில் கடைசி நேரத்தில் தள்ளாதீர்கள், பாவம்.

6. பேராசிரியர்களுக்குக் கடிதம்

ஆய்வகத்தில் சேரலாம் என்ற நினைப்பில் 23 கடிதம் அனுப்பினாள், இரண்டு பதில். ஒன்று, வயது குறைந்தவர்களை ஆய்வகத்தில் விட முடியாது என்று. பல பல்கலைக்கழகங்களில் இதற்குப் பாதுகாப்புப் பயிற்சி, பெற்றோர் ஒப்புதல் என்று படிவங்கள் உண்டு, முடிய வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது பதில் அவள் கேட்ட விதத்தால் வந்தது என்று நினைக்கிறேன். ஆய்வகத்தில் இடம் கேட்காமல், தன் மிருதங்க வரைபடம் ஒன்றை இணைத்து, இந்தப் பிசிறு ஏன் வருகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அவர் நான்கு வரியில் பதில் எழுதினார். அந்த நான்கு வரியால் அடுத்த மாத வேலை திசை மாறியது. ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பிய மற்ற 22இல் எனக்கும் பங்கு உண்டு, நான்தான் டைப் செய்தேன்.

7. பணம் கேட்பவர்கள்

500 டாலர் இங்கேதான் போயிற்று. "உங்கள் மகள் தேர்வு செய்யப்பட்டிருக்கிறாள்" என்று விண்ணப்பித்த இரண்டே நாளில் கடிதம், இடத்தைப் பிடித்து வைக்க முன்பணம் 72 மணி நேரத்துக்குள், திருப்பித் தர மாட்டோம் என்பது மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில். முழுக் கட்டணம் பல ஆயிரம் டாலர். அதைக் கட்டாமல் விலகிக்கொண்டது மட்டும்தான் நாங்கள் செய்த புத்திசாலித்தனம்.

கட்டணம் வாங்குவதெல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை கட்டாயம் வெளியாகும் என்று உறுதி கொடுத்தாலோ, எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று கேட்டால் மழுப்பினாலோ, பெரிய பல்கலைக்கழகத்தின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துவிட்டு அதன் பெயரை முன்னால் போட்டாலோ, எழுந்து வாருங்கள். வீட்டு அஞ்சலில் வரும் "கௌரவச் சங்க" அழைப்புகளும் அப்படித்தான். பணம் கட்டினால் சான்றிதழ், அவ்வளவே.

இலவசமாகச் செய்யவே நிறைய இருக்கிறது. ஊர் நூலகத்தில் வாரம் இரண்டு மணி நேரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். அதே இடத்தில் ஆகஸ்டில் மிருதங்கத்தைக் கொண்டுபோய் ரவை ஒட்டி 14 சிறுவர்களுக்குச் செய்துகாட்டினாள். ஸ்கூல்ஹவுஸ் டாட் வேர்ல்ட் தளத்தில் இணையவழியாகவும் சொல்லிக்கொடுக்கலாம்.

8. காகிதங்களை அன்றன்றே சேருங்கள்

யூசி சில விண்ணப்பதாரர்களைப் பொறுக்கி எடுத்து, எழுதியதற்கு ஆதாரம் கேட்கும். கேட்ட தேதிக்குள் தராவிட்டால் விண்ணப்பம் ரத்து. அதனால் ஒரு கூகுள் தாளில் தேதி, என்ன செய்தாள், எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்று நான்கு பத்தி போட்டு வையுங்கள். நூலகரிடம் வேலை முடிந்த வாரமே ஒரு கடிதம் வாங்குங்கள், மூன்று மாதம் கழித்துப் போனால் அவர் வேறு கிளைக்கு மாறியிருப்பார்.

மணி நேரக் கணக்கில் கூட்டிச் சொல்லும் ஆசை வரும். காமன் ஆப் வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்று கேட்கிறது. பத்து வரியையும் கூட்டிப் பாருங்கள், பள்ளி நேரமும் தூக்கமும் போக அவ்வளவு மணி நேரம் வாரத்தில் இருக்கிறதா? மிருதங்கத்துக்கு நாங்கள் போட்டது வாரம் 4 மணி, 20 வாரம். உள்ளபடி அதுதான்.

சிபாரிசுக் கடிதத்துக்கு ஆசிரியர்களை மே மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். பலர் இத்தனை பேருக்குத்தான் என்று கணக்கு வைத்திருப்பார்கள். செப்டம்பரில், கோடையில் செய்தது என்ன என்று ஒரு பக்கம் எழுதி வரைபடத்தோடு கொடுக்கச் சொல்லுங்கள். இயற்பியல் ஆசிரியர் கடிதத்தில் ரவையைப் பற்றி எழுதினார் என்று பிறகு அவரே சொல்லித் தெரிந்தது.

9. அந்த 150 எழுத்து

அவள் முதலில் எழுதியதன் சாரம்: "இசைக்கருவிகளின் இயற்பியலில் ஆழ்ந்த ஈடுபாட்டுடன் ஆராய்ச்சி மேற்கொண்டேன்." இதில் ஒன்றும் இல்லை. கடைசியாகப் போனது: "மிருதங்கத்தில் 160 அடி பதிவு; ரவை எடைக்கும் சுருதிக்கும் வரைபடம்; இருமுறை தோற்று மீண்டும் செய்தேன்; நூலகத்தில் 14 சிறுவருக்குச் செயல்விளக்கம்." எண்ணும் வினைச்சொல்லும் மட்டும் போதும். ஆர்வம், ஈடுபாடு, தாகம் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். எப்போது தொடங்கினாள் என்பதையும் மறைக்க வேண்டாம், படிவமே எந்த வகுப்பில் செய்தது என்று கேட்கிறது. பதினொன்றின் கடைசியில் ஆரம்பித்ததை ஒன்பதாம் வகுப்பு என்று டிக் அடிக்கச் சொன்ன பெற்றோரையும் பார்த்தேன்.

அனுப்பும் செலவையும் முன்கூட்டியே போட்டு வையுங்கள். யூசியில் ஒரு வளாகத்துக்கு 80 டாலர், காமன் ஆப் கல்லூரிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். வருமானம் குறைவு என்றால் விலக்கு கேட்கலாம், அதற்கான கேள்வி படிவத்திலேயே இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டை அக்டோபர் முதல் வாரமே வரவழைத்து, பிள்ளையின் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் கல்லூரிப் பதிவில் அப்பா பெயர் முன்னால் வந்து, பள்ளிப் பதிவில் பின்னால் இருந்தது. அதைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆயிற்று.